சந்தாவை உயர்த்தட்டும், கணக்கையும் காட்டட்டும்

2022 மே மாதம் ஐஸ்லாந்தின் சிசிபி கேம்ஸ் நிறுவனம், ‘ஈவ் ஆன்லைன்’ என்ற தனது விண்வெளி விளையாட்டின் மாதச் சந்தாவை 14.95 டாலரிலிருந்து 19.99 டாலராக உயர்த்தியது. ஏறத்தாழ 18 ஆண்டுகள் அசையாமல் நின்ற கட்டணம் ஒரே அறிவிப்பில் மூன்றில் ஒரு பங்கு கூடியது. ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். பலர் கணக்கை முடித்துக்கொண்டு வெளியேறினார்கள். அடுத்து வந்த மாதங்களில் விளையாட்டுக்குள் ஒரே நேரத்தில் இருப்போரின் எண்ணிக்கை குறைந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அது குறிவைத்த இடம் சரியானதல்ல. ஆன்லைன் விளையாட்டுகளில் ஆடுவோரிடம் பணம் வாங்க இன்று இருக்கும் வழிகளில் மிக நேர்மையானது சந்தாதான். அதை உயர்த்தவே கூடாது என்று தடுத்தால், நிறுவனம் அதே பணத்தை வேறு வாசல்கள் வழியாக, விளையாட்டின் நியாயத்தையே விற்று எடுத்துக்கொள்ளும். ஆகவே ஆட்டக்காரர்கள் கூடுதல் சந்தா கொடுக்கலாம். கொடுப்பதே அவர்களுக்கு நல்லது. அதற்கு ஈடாக எதைக் கேட்டுப் பெறுவது என்பதில்தான் அவர்கள் விடாப்பிடியாக நிற்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆன்லைன் விளையாட்டு என்றதும் ரம்மியும், அதில் சேமிப்பை இழந்த குடும்பங்களும் நினைவுக்கு வருவது இயல்பு. இங்கே பேசும் விளையாட்டுகள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டு மேம்பாட்டு, ஒழுங்குமுறைச் சட்டம் பணம் வெல்லும் எதிர்பார்ப்பில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடைசெய்தது. அதே சட்டம், பந்தயப் பணமாக இல்லாதவரை, சந்தாவோ ஒருமுறை நுழைவுக் கட்டணமோ வாங்கி நடத்தப்படும் சமூக விளையாட்டுகளுக்கு இடம் தருகிறது. இந்த வேறுபாடு முக்கியமானது. பந்தயத்தில் கட்டும் பணம் பல மடங்காகத் திரும்பும் என்ற ஆசை காட்டி வாங்கப்படுகிறது. சந்தாவில் அப்படி எந்த ஆசையும் இல்லை: இவ்வளவு கொடுத்தால் இத்தனை நாள் ஆடலாம், அவ்வளவுதான். எல்லாருக்கும் ஒரே விலை, எல்லாருக்கும் ஒரே விளையாட்டு. மாதம் முடியும்போது எவ்வளவு செலவாகியிருக்கும் என்பது மாதத் தொடக்கத்திலேயே தெரியும். இந்த எளிமைதான் சந்தாவின் பெருமை; இன்று அழிந்துகொண்டிருப்பதும் இதுதான்.

சந்தாதாரர் எதற்காகப் பணம் கட்டுகிறார் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஈவ் ஆன்லைன் 2003 மே மாதம் தொடங்கியது. உலகின் பெரும்பகுதியிலிருந்து ஆடுவோர் அனைவரும் ‘டிராங்குவிலிட்டி’ என்ற ஒரே சர்வரில், ஒரே அண்டத்தில் இருக்கிறார்கள். கப்பல்களைக் கட்டுவதும் விற்பதும் அவர்களே. கூட்டணி சேர்வதும் துரோகம் செய்வதும் அவர்களே. 2014 ஜனவரி 27 அன்று ஒரு கூட்டணி தன் வசமிருந்த நட்சத்திர மண்டலத்துக்கான பராமரிப்புத் தொகையைக் கட்டத் தவறியதில் மூண்ட போர் 21 மணி நேரம் நீடித்தது. 7,500-க்கும் மேற்பட்ட பாத்திரங்கள் அதில் இறங்கின. அழிந்த கப்பல்களின் மதிப்பு உண்மைப் பணத்தில் 3 லட்சம் டாலருக்கு மேல் எனக் கணக்கிடப்பட்டது. இந்தப் போரை நிறுவனத்தின் கதாசிரியர்கள் யாரும் எழுதவில்லை. அது நடக்கக்கூடிய உலகம் ஒன்றைப் பல ஆண்டுகளாக இடையறாமல் ஓடவைத்திருப்பதுதான் நிறுவனத்தின் வேலை. சர்வர்களைக் காப்பது, மோசடி நிரல்களைப் பிடிப்பது, புகார்களைக் கேட்பது, ஒரு கப்பலின் வலிமையைக் கூட்டினால் சந்தை என்னவாகும் என்று ஆராய்வது எல்லாம் அன்றாடக் கூலி கேட்கும் உழைப்பு. 2007-இல் சிசிபி இந்தக் கற்பனைப் பொருளாதாரத்தைக் கவனிக்க எயோல்ஃபூர் குட்முண்ட்சன் என்ற பொருளாதார நிபுணரையே பணியில் அமர்த்தியது.

உறைந்த விலையின் உண்மை விலை

இந்த உழைப்புக்கான விலை எப்படி நகர்ந்தது? 1997-இல் வெளியான ‘அல்டிமா ஆன்லைன்’ மாதம் 9.95 டாலர் வாங்கியது. 1999-இல் வந்த ‘எவர்குவெஸ்ட்’ 9.89 டாலரில் தொடங்கி, 2002-இல் 12.95 டாலரானது. 2004 நவம்பரில் பிளிஸார்ட் நிறுவனம் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டை 14.99 டாலர் மாதச் சந்தாவில் வெளியிட்டது. அதாவது முதல் ஏழு ஆண்டுகளில் இந்தத் துறையின் சந்தா ஏறத்தாழ ஒன்றரை மடங்காக வளர்ந்தது. பிறகு அப்படியே உறைந்துவிட்டது. 2010-இல் வார்கிராஃப்ட் 1.2 கோடி சந்தாதாரர்களைத் தொட்டபோது அமெரிக்காவில் கட்டணம் 14.99 டாலர், வெளியாகி 20 ஆண்டுகள் கழித்து 2024-இலும் அதே 14.99 டாலர். இடையில் வந்த ‘ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்’, ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்’ போன்றவையும் அதே எண்ணோடு தொடங்கின. 15 டாலர் என்பது யாரும் எழுதிவைக்காத, ஆனால் யாரும் தாண்டத் துணியாத உச்சவரம்பாகிவிட்டது. அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்துக் கணக்கிட்டால், 2004-இன் 14.99 டாலருக்கு 2024-இல் ஏறத்தாழ 25 டாலர் கொடுக்க வேண்டும். திருப்பிச் சொன்னால், 2024-இல் வார்கிராஃப்ட் சந்தாதாரர் 2004-இன் கணக்கில் 9 டாலர்தான் கட்டினார். ஈவ் சந்தாவும் அப்படியே: 2004-இன் 14.95 டாலர் 2022-இல் 23 டாலருக்குச் சமம். ஆட்டக்காரர்களைக் கொதிக்கவைத்த 19.99 டாலர் என்ற புதிய கட்டணம்கூட உண்மை மதிப்பில் பழைய கட்டணத்தைவிடக் குறைவுதான்.

அப்படியானால் 20 ஆண்டுகளாக ஆட்டக்காரர்கள் லாபம் அடைந்தார்களா? இல்லை. சந்தாவில் வராத பணம் வேறு வழியில் வந்துகொண்டிருந்தது. 2008-இல் ஈவ் விளையாட்டில் ‘பிளெக்ஸ்’ என்ற பொருள் அறிமுகமானது. ஒருவர் உண்மைப் பணம் கொடுத்து 30 நாள் ஆடும் நேரத்தைப் பொருளாக வாங்கி, அதை விளையாட்டுச் சந்தையில் ‘இஸ்க்’ என்ற கற்பனை நாணயத்துக்கு விற்கலாம். வாங்குபவர் அதைக் கொண்டு தன் சந்தாவைக் கட்டிக்கொள்கிறார். 2015 ஏப்ரலில் வார்கிராஃப்டும் இதையே ‘டோக்கன்’ என்ற பெயரில் கொண்டுவந்தது; 30 நாள் நேரம் தரும் டோக்கனின் விலை 20 டாலர். கணக்கைப் பாருங்கள்: டோக்கன் வழியாக ஆடும் ஒவ்வொருவருக்காகவும் நிறுவனத்துக்கு 14.99 டாலருக்குப் பதில் 20 டாலர் கிடைக்கிறது. சந்தா உயர்ந்துதான் இருக்கிறது. உயர்வை ஒருவர் பணமாகக் கொடுக்கிறார். இன்னொருவர் இரவு பகலாகக் கற்பனைத் தங்கம் தோண்டி உழைப்பாகக் கொடுக்கிறார். பணக்கார ஆட்டக்காரர் கடன் அட்டையைக் கொண்டு விளையாட்டுக்குள் செல்வந்தராகிறார். எல்லாரும் ஒரே படியிலிருந்து ஏறுகிறார்கள் என்ற அடிப்படை அங்கேயே உடைந்துபோகிறது. 2024 அக்டோபரில், 20-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, பிளிஸார்ட் ஒரே ஒரு சவாரி விலங்கை 90 டாலருக்கு விற்றது. ஏலக் கடையைக் கூடவே சுமந்து வரும் அந்த விலங்கின் விலை ஆறு மாதச் சந்தாவுக்குச் சமம். சந்தாவை உயர்த்தத் தயங்கிய நிறுவனம் அந்தத் தயக்கத்துக்கான பணத்தை எங்கே எடுக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சந்தாவே வேண்டாம், எல்லாவற்றையும் இலவசமாக்கிவிடலாமே என்ற வாதத்தின் விளைவையும் உலகம் பார்த்துவிட்டது. இலவச விளையாட்டுகளில் பெரும்பாலோர் ஒரு காசும் கொடுப்பதில்லை. ஆகவே கொடுக்கும் சிலரிடமிருந்து முடிந்தவரை கறப்பதே வியாபாரமாகிறது. கைபேசி இலவச விளையாட்டுகளின் உள்விற்பனை வருவாயில் பாதி, ஆடுவோரில் 0.15 சதவீதத்தினரிடமிருந்து வருகிறது என்று 2014-இல் ஸ்வர்வ் என்ற பகுப்பாய்வு நிறுவனம் கண்டது. பத்தாயிரம் பேர் ஆடும் இடத்தில் பாதி வருமானத்தைத் தருபவர்கள் 15 பேர். அந்த 15 பேரில் எத்தனை பேர் வசதியால் கொடுக்கிறார்கள், எத்தனை பேர் பழக்கத்தை விடமுடியாமல் கொடுக்கிறார்கள் என்று நிறுவனத்தின் பேரேடு பிரித்துப் பார்ப்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கவைக்கும் ‘லூட் பாக்ஸ்’ பெட்டிகளை 2018-இல் பெல்ஜியம் சூதாட்டமாகவே கருதி நடவடிக்கை எடுத்தது. இலவச விளையாட்டான ‘ஃபோர்ட்நைட்’ ஆடியவர்களைக் குழப்பமான பொத்தான்கள் வழியாக வேண்டாத பொருள்களை வாங்கவைத்ததாக எபிக் கேம்ஸ் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது; வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர 24.5 கோடி டாலர் கொடுக்க அந்நிறுவனம் 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. இலவச வாசலில் நுழைபவர் தெரியாத விலையை ஒப்புக்கொண்டு நுழைகிறார். சந்தாவின் விலை எவ்வளவு உயர்ந்தாலும் அது வாசலிலேயே எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது.

ஆட்டக்காரர்களின் கோபத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறே இந்த வாதத்துக்குத் துணை நிற்கிறது. 2011 ஜூனில் ஈவ் விளையாட்டில் பாத்திரங்களுக்கான அலங்காரக் கடை திறக்கப்பட்டது. ஒற்றைக்கண் கண்ணாடி ஒன்றின் விலை உண்மைப் பணத்தில் 60 டாலரைத் தாண்டியது. அதே நேரத்தில், பேராசை நல்லதா என்று கேட்டு, அடுத்து என்னவெல்லாம் விற்கலாம் என்று விவாதித்த நிறுவனத்தின் உள்சுற்றிதழ் ஒன்று வெளியே கசிந்தது. வலிமையே விற்பனைக்கு வரப்போகிறது என்ற அச்சத்தில் ஆயிரக்கணக்கானோர் விளையாட்டின் வணிக மையமான ஜிட்டாவில் திரண்டு, அங்கிருந்த நினைவுச் சின்னத்தைச் சுட்டுப் போராடினார்கள். சந்தாக்கள் ரத்தாயின. அக்டோபரில் தலைமைச் செயல் அதிகாரி ஹில்மர் வெய்கர் பெடுர்சன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதே மாதம் நிறுவனம் ஊழியர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரை வேலையிலிருந்து நீக்கியது. அன்று ஆட்டக்காரர்கள் எதிர்த்தது சந்தாவை அல்ல. சந்தா கட்டிய பிறகும் திறக்கப்பட்ட இரண்டாவது கல்லாப்பெட்டியை. அவர்களின் உள்ளுணர்வு சரியாக இருந்தது. இந்த இரண்டாவது பெட்டியை மூட வேண்டுமென்றால் முதல் பெட்டியில் போதுமான பணம் விழ வேண்டும் என்ற மறுபாதியைத்தான் அவர்கள் ஏற்க மறுக்கிறார்கள்.

எதிர்வாதங்கள்

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். ‘கூடுதலாக ஒருவர் சேர்வதால் நிறுவனத்துக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை, பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய நிரலுக்கு ஏன் விலை ஏற வேண்டும்?’ என்பது ஒன்று. ஒருமுறை வாங்கித் தனியாக ஆடும் விளையாட்டுக்கு இந்தக் கேள்வி பொருந்தும். தொடர்ந்து இயங்கும் உலகம் அடுக்குமாடிக் குடியிருப்பைப் போன்றது. கட்டிடம் கட்டி முடிந்து எவ்வளவு காலமானாலும் மின்தூக்கி ஓட வேண்டும், தண்ணீர் ஏற வேண்டும், காவலருக்குச் சம்பளம் போக வேண்டும். அங்கே மாதப் பராமரிப்புக் கட்டணத்தை 18 ஆண்டுகள் உயர்த்தாமல் வைத்திருப்பது குடியிருப்போருக்குச் செய்யும் நன்மையாகாது. ஊழியர்களின் சம்பளம் உயர்ந்திருக்கிறது. பெரும்பகுதிச் செலவு அதுதான். சர்வர் விலை காலப்போக்கில் குறைந்தாலும், ஆட்டக்காரர்கள் எதிர்பார்க்கும் தரம் அதைவிட வேகமாக ஏறியிருக்கிறது. 2021 டிசம்பரில் ‘ஃபைனல் ஃபேன்டசி 14’ விளையாட்டின் புதிய அத்தியாயம் வெளியானபோது கூட்டம் தாங்காமல் உள்ளே நுழையவே மணிக்கணக்கில் வரிசை நின்றது. உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு நிலவியதால் புதிய சர்வர்களை உடனே அமைக்கவும் முடியவில்லை. ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் புது விற்பனையை நிறுத்திவைத்து, சந்தாதாரர்களுக்கு வாரக்கணக்கில் இலவச நாள்கள் கொடுத்தது. ஏற்கெனவே சந்தா கட்டியவருக்கு இடம் கொடுக்க முடியாதபோது புதியவருக்கு விற்பதை நிறுத்திய அந்த முடிவு, சந்தா என்ற ஒப்பந்தம் நிறுவனத்தையும் கட்டுப்படுத்தும் என்பதற்கு எடுத்துக்காட்டு.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது: ‘கட்டும் பணம் இந்த விளையாட்டுக்குத்தான் போகிறது என்பதற்கு என்ன உத்தரவாதம்?’ ஈவ் ஆட்டக்காரர்கள் இதைக் கேட்க முழு உரிமை உடையவர்கள். அவர்களுடைய சந்தாவே நிறுவனத்தின் முதன்மை வருமானமாக இருந்த காலத்தில் சிசிபி ‘வேர்ல்ட் ஆஃப் டார்க்னஸ்’ என்ற வேறொரு விளையாட்டைப் பல ஆண்டுகள் உருவாக்கி, 2014 ஏப்ரலில் கைவிட்டது. 2013-இல் வெளியான ‘டஸ்ட் 514’ மூன்றே ஆண்டுகளில் மூடப்பட்டது. 2018-இல் நிறுவனமே தென்கொரியாவின் பேர்ல் அபிஸ் வசம் போனது. ஒரு விளையாட்டின் மீதுள்ள பற்றால் கொடுத்த பணம் இன்னொன்றின் சூதாட்டத்துக்கு முதலானால் கொடுத்தவருக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனால் சந்தாவை உறையவைப்பது இதற்குத் தீர்வாகாது. வருமானம் தேங்கிய நிறுவனம்தான் அடுத்த வெற்றியைத் தேடிக் கண்மூடித்தனமாக ஓடும். 2023-இல் பிளாக்செயின் சார்ந்த புதிய விளையாட்டுக்காக சிசிபி 4 கோடி டாலரை வெளி முதலீட்டாளர்களிடம் திரட்டியது. அந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றி ஆட்டக்காரர்களுக்கு எத்தனை ஐயங்கள் இருந்தாலும், புதிய முயற்சியின் ஆபத்தை முதலீட்டாளர்கள் சுமக்க வேண்டும் என்ற முறை சரியானது. சந்தா உயர்வுக்கு ஒப்புக்கொள்ளும்போது இந்த முறையை எழுத்தில் கேட்டுப் பெறலாம். பணம் வந்தால் வேலை நடக்கும் என்பதற்கும் ஈவ் விளையாட்டிலேயே சான்று இருக்கிறது. பெயர் சூட்டிய பெரிய விரிவாக்கங்கள் நின்றுபோயிருந்த நிலை மாறி, 2022 நவம்பரில் ‘அப்ரைசிங்’, 2023-இல் ‘விரிடியன்’, ‘ஹாவொக்’, 2024-இல் ‘ஈக்வினாக்ஸ்’, ‘ரெவனன்ட்’ என ஆண்டுக்கு இரண்டு விரிவாக்கங்கள் வரத் தொடங்கின. வார்கிராஃப்ட் ஒவ்வொரு விரிவாக்கத்துக்கும் தனியே 50 டாலர் அளவுக்கு வாங்குகிறது; ஈவ் சந்தாதாரர் இவற்றுக்கெனத் தனியாக எதுவும் கட்டவில்லை.

மூன்றாவது எதிர்வாதம் மனிதர்களைப் பற்றியது: கட்டணம் ஏறினால் வசதி குறைந்தவர்கள் வெளியே போவார்கள், ஒருவருக்கு இன்னொருவர்தான் விளையாட்டு என்ற இந்த உலகங்களில் கூட்டம் குறைந்தால் இருப்பவர்களுக்கும் நட்டம். இது முழு உண்மை. ஈவ் ஆட்டக்காரர்களில் பலர் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகள் வைத்திருப்பவர்கள். மூன்று கணக்கு வைத்திருந்தவருக்கு மாதச் செலவு 44.85 டாலரிலிருந்து 59.97 டாலரானது. அந்த அடி முதலில் விழுந்தது மிகுந்த பற்றோடு ஆடியவர்கள் மீதுதான். டாலரில் நிர்ணயிக்கப்படும் விலை, ரெய்க்யாவிக்கில் ஒரு வேளை உணவின் விலையாக இருக்கலாம். சென்னையிலோ மணிலாவிலோ அது பல நாள் செலவு. ஆகவே உயர்வு எல்லார் மீதும் ஒரே சுமையாக விழக் கூடாது. நாட்டுக்கு நாடு வருமானத்துக்கு ஏற்ற விலை, கூடுதல் கணக்குகளுக்குத் தள்ளுபடி, ஆண்டுச் சந்தாவுக்குச் சலுகை, கட்டணமின்றி நுழைய ஒரு வாசல் ஆகியவை உயர்வோடு சேர்ந்தே வர வேண்டும். ஈவ் 2016 நவம்பரில் திறந்த ‘ஆல்ஃபா’ என்ற இலவச நிலை இதற்கு நல்ல முன்மாதிரி. சில கப்பல்களையும் திறன்களையும் மட்டும் பயன்படுத்த முடியும். ஆனால் அதே அண்டத்தில், அதே மனிதர்களோடு ஆடலாம். முழுச் சந்தா கட்டுபவர் இலவசமாக ஆடுபவரைத் தாங்குகிறார். இலவசமாக ஆடுபவர் அந்த உலகத்தை நிறைத்து அதற்கு உயிர் கொடுக்கிறார்.

நான்காவது எதிர்வாதம், ‘ஒருமுறை ஒப்புக்கொண்டால் நிற்காது’ என்பது. இந்த அச்சத்துக்கும் அண்மைச் சான்று உண்டு. மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபரில் தனது ‘கேம் பாஸ் அல்டிமேட்’ சந்தாவை 19.99 டாலரிலிருந்து ஒரே அடியாக 29.99 டாலராக்கியது. ஐம்பது சதவீத உயர்வை எந்தக் குடும்பமும் முன்கூட்டித் திட்டமிட்டிருக்க முடியாது. ஆனால் இதிலிருந்தும் ஈவ் அனுபவத்திலிருந்தும் கிடைக்கும் பாடம் ஒன்றே: ஒரே அடியாகத் திடீரென்று ஏற்றுவதே நோகடிக்கிறது. 2004-இலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அரை டாலர் உயர்த்தியிருந்தால் ஈவ் சந்தா 2022-க்குள் சத்தமில்லாமல் 19 டாலர் அருகே வந்திருக்கும். விலைவாசிக் குறியீட்டோடு இணைத்து, அதற்கு மேல் போகாது என்ற உச்சவரம்பு வைத்து, ஆறு மாதம் முன்னதாக அறிவித்து உயர்த்தினால் ஒப்புக்கொள்வது எளிது. உயர்வுக்குக் கதவைத் திறப்பது வேறு. கதவையே கழற்றிக் கொடுப்பது வேறு.

ஈடாகக் கேட்க வேண்டியவை

கூடுதல் சந்தாவுக்கு ஈடாக ஆட்டக்காரர்கள் கேட்க வேண்டியவற்றில் முதலாவது, சந்தா உயரும் அளவுக்குப் பக்கவாசல்கள் மூடப்பட வேண்டும் என்பது. இது நடக்காத காரியம் அல்ல. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கும் ஜாகெக்ஸ் நிறுவனத்தின் ‘ரூன்ஸ்கேப்’ விளையாட்டு 2012 முதல் அதிர்ஷ்டச் சக்கரம், புதையல் பெட்டி என்று சூதாட்டச் சாயல் கொண்ட விற்பனைகளை நடத்திவந்தது. அதன் பழைய வடிவத்தை மீட்டு 2013-இல் தொடங்கிய ‘ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ விளையாட்டில் அத்தகைய பெட்டிகள் இல்லை. ஆடும் நேரத்தைப் பொருளாக விற்கும் ‘பாண்ட்’ அங்கும் உண்டு. ஆனால் விளையாட்டில் சேர்க்கப்படும் முக்கிய மாற்றங்கள் ஆட்டக்காரர்களின் வாக்கெடுப்பில் 70 சதவீத ஆதரவு பெற வேண்டும். உறுப்பினர் கட்டணம் அடுத்தடுத்து உயர்ந்து 2024-இல் 13.99 டாலரைத் தொட்ட பிறகும், 2025-இல் அந்த விளையாட்டில் ஒரே நேரத்தில் இருந்தோரின் எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டிச் சாதனை படைத்தது. விலை ஏறியும் கூட்டம் பெருகியது. தங்கள் விளையாட்டில் தங்களுக்கு ஒரு குரல் இருக்கிறது என்று ஆடுவோர் நம்பியது அதற்கு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். அதே 2025 ஜனவரியில், விலை குறைந்த நிலையில் விளம்பரம் காட்டுவது உள்ளிட்ட பல அடுக்குச் சந்தா யோசனைகளை ஜாகெக்ஸ் ஒரு கருத்துக் கணிப்பில் வைத்தபோது எழுந்த எதிர்ப்பில், நிறுவனம் அவற்றைக் கைவிட்டது. அந்த ஆண்டின் இறுதியில், ஒரு லட்சம் பேர் வாக்களித்தால் மூல ரூன்ஸ்கேப்பின் புதையல் பெட்டியை நீக்குவதாக அறிவித்தது. வாக்குகள் விரைவிலேயே குவிந்தன. முகம் தெரியாத ஒரு லட்சம் பேர், சூதாட்டத்தின் மலிவைவிட நேர்மையான கட்டணமே மேல் என்று தீர்ப்பளித்திருக்கிறார்கள்.

இரண்டாவது, கணக்கு. ஈவ் இதற்கு மிகப் பொருத்தமான இடம். அந்த விளையாட்டில் ஒவ்வொரு மாதமும் எவ்வளவு கற்பனை நாணயம் புழக்கத்துக்கு வந்தது, எவ்வளவு வெளியேறியது, எந்தப் பகுதியில் எவ்வளவு தாது தோண்டப்பட்டது என்ற பொருளாதார அறிக்கை வெளியாகிறது. கற்பனைப் பணத்துக்கு இவ்வளவு துல்லியமாகக் கணக்குக் காட்டும் நிறுவனம், சந்தாதாரரின் உண்மைப் பணத்தில் எத்தனை பங்கு அந்த விளையாட்டின் ஊழியர்களுக்கும் சர்வர்களுக்கும் போகிறது, எத்தனை பங்கு தாய் நிறுவனத்துக்கும் பிற திட்டங்களுக்கும் போகிறது என்று ஆண்டுக்கு ஒருமுறை சொல்லக் கூடாதா? வணிக ரகசியம் என்ற பதில் வரும். அதற்கும் வழி இருக்கிறது. நிறுவன ஊழியர் ஒருவர் தன் கூட்டணிக்குச் சலுகை காட்டிய ஊழல் வெளிவந்த பிறகு, 2008-இல் ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ‘விண்மீன் மேலாண்மை மன்றம்’ அமைக்கப்பட்டது. அதன் உறுப்பினர்கள் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு நிறுவனத்தின் திட்டங்களை முன்கூட்டியே பார்க்கிறார்கள். கப்பல்களின் வடிவமைப்பை நம்பி ஒப்படைக்கும் அந்த மன்றத்திடம் வரவு செலவையும் ஒப்படைக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்புக் கட்டணம் உயர வேண்டுமென்றால் சங்கத்தின் பொதுக்குழுவில் கணக்கு வாசிக்க வேண்டும். இங்கேயும் அதுவே முறை.

மூன்றாவது, முடிவைப் பற்றிய உத்தரவாதம். இத்தகைய உலகங்கள் ஒருநாள் மூடப்படும். அப்போது சந்தாதாரரின் கையில் எதுவும் மிஞ்சாது. தென்கொரியாவின் என்சிசாஃப்ட் நிறுவனம் 2012 நவம்பர் 30 அன்று ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ விளையாட்டை மூடியபோது எட்டு ஆண்டுகள் வாழ்ந்த ஒரு சமூகம் கலைந்தது. ரசிகர்கள் தாங்களே நடத்திய ‘ஹோம்கமிங்’ சர்வருக்கு 2024 ஜனவரியில் அதே நிறுவனம் முறையான உரிமம் வழங்கியது; இன்று அது நன்கொடையில் ஓடுகிறது. அந்த நல்ல முடிவுக்கு 11 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 2024 மார்ச்சில் யூபிசாஃப்ட் ‘தி க்ரூ’ விளையாட்டின் சர்வர்களை நிறுத்தியதை அடுத்து, மூடப்படும் விளையாட்டுகளை ஆடும் நிலையிலேயே விட்டுச்செல்ல வேண்டும் என்று கோரி எழுந்த இயக்கத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பல ஆண்டுகள் சந்தா கட்டியவர்களிடம் உயர்வு கேட்கும் நிறுவனம், மூடும் நிலை வந்தால் ரசிகர் சர்வர்களுக்கு உரிமம் தருவோம் என்று இப்போதே எழுதிக் கொடுக்கலாம். அதற்கு ஆகும் செலவு சிறிது. அது பெற்றுத் தரும் நம்பிக்கை பெரிது.

இந்த விவாதம் அயல்நாட்டு விளையாட்டுகளைப் பற்றியதாகத் தோன்றலாம். ஆனால் இந்தியாவில் கைபேசி வழியே இளைஞர்கள் வளர்ந்த விளையாட்டுகள் பெரும்பாலும் இலவச வாசல் கொண்டவை. விளையாட்டு என்றால் இலவசமாகத்தான் இருக்க வேண்டும், உள்ளே தெரியாமல் செலவாகும் என்பதே அவர்கள் அறிந்த ஒரே முறை. பந்தயத்தைத் தடைசெய்து சந்தாவை அனுமதித்த நமது சட்டம், இங்கேயே உருவாகும் விளையாட்டுகளுக்கு வேறொரு பாதையைத் திறந்து வைத்திருக்கிறது. மாதம் ஒரு நியாயமான தொகை, அதற்கு மேல் ஒரு காசும் இல்லை என்று சொல்லும் விளையாட்டை நம் பெற்றோர்களும் பிள்ளைகளும் நம்ப முடியும்.

தாங்கள் நேசிக்கும் உலகங்கள் நீடிக்க வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் விரும்பினால், அவற்றைக் கட்டிக் காப்பவர்களின் உழைப்புக்கு இன்றைய விலையைக் கொடுக்க முன்வர வேண்டும். மலிவான சந்தாவைப் பிடித்துக்கொண்டு தொங்குவது, பணம் படைத்தவரிடமும் பழக்கத்துக்கு அடிமையானவரிடமும் விளையாட்டை அடகு வைப்பதில்தான் முடியும். நிறுவனங்களும் உயர்வைக் கேட்கும்போது கைநீட்டுவதோடு நின்றுவிடக் கூடாது. பக்கவாசல் கடையை மூடுங்கள், கணக்கைத் திறந்து காட்டுங்கள், உயர்வைச் சிறிது சிறிதாக முன்கூட்டி அறிவியுங்கள், ஏழை நாட்டு ஆட்டக்காரருக்கு இடம் வையுங்கள், மூடும் நாளுக்கு இப்போதே வாக்குக் கொடுங்கள். இவற்றைச் செய்யும் விளையாட்டுக்கு மாதம் 20 டாலர் என்ன, 25 டாலரும் நியாயமான விலையே. செய்ய மறுக்கும் விளையாட்டுக்கு 15 டாலரும் அதிகம்.